தொண்ணூறு சதவீதத்திலேயே பதினைந்து நாள் நின்ற ஆர்டர்: படிக்காமல் மேலாளர் ஆனவர்கள் எங்கே தவறுகிறோம்?

பின்னலாடைக்காரி:

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டுச் செக்கிங் மேசைக்கு வந்தவள். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என்று சட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தவளை, ஆங்கிலத்தில் மெயில் எழுதத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் கொடுப்பவரோடு பேசி வேலையை நகர்த்துகிறவள், ஆக்கினார்கள். போன வருடம் மேலாளர் ஆக்கினார்கள். நடுவில் யாரும் எனக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நூல் வாங்குவதிலிருந்து பெட்டி கட்டி ஏற்றுவது வரை ஓர் ஆர்டரைக் கொண்டுபோவதற்குத் திட்ட மேலாண்மை என்று பெயர், அதற்கென்று படிப்பும் தேர்வும் உண்டு என்பதே என் தம்பி சொல்லித்தான் தெரியும்.

இந்த முறை அடி பலம். குழந்தைகளுக்கான ஸ்வெட்ஷர்ட், தலையில் ஹூட், முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஜிப். 12,000 பீஸ், மூன்று நிறம். ஜூன் 12 அன்று ஆர்டர் உறுதியானது. செப்டம்பர் 9 அன்று சரக்கு எங்கள் கேட்டைத் தாண்ட வேண்டும். மொத்தம் 90 நாள். எக்செலில் அட்டவணை போட்டேன்: நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒன்பது வரி. கூட்டினால் 70 நாள். கையில் இருபது நாள் மிச்சம் என்று முதலாளியிடம் கொஞ்சம் தலைநிமிர்ந்தே சொன்னேன்.

பெட்டி கட்டியது செப்டம்பர் 19. தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற்ற வேண்டிய சரக்கு விமானத்தில் போனது, எங்கள் செலவில். ஸ்வெட்ஷர்ட் இடத்தை அடைக்கும் சரக்கு. விமானத்தில் எடையைவிடப் பெட்டியின் பருமனுக்குத்தான் காசு. ஒரு பீஸில் எங்களுக்கு நிற்க வேண்டியது நாற்பது ரூபாய். விமானத்துக்குக் கொடுத்தது பீஸுக்கு நூறுக்கு மேல். மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

காரணம் ஜிப். அது வரவில்லை. ஆகஸ்ட் 22 அன்று தையல் கூடத்துச் சுவரோரம் 12,000 சட்டைகளும் நின்றன. கை வைத்தாயிற்று, ஹூட் வைத்தாயிற்று, அடியில் ரிப் வைத்தாயிற்று. மார்பு மட்டும் திறந்தபடி, பண்டில் பண்டிலாகக் கட்டி, ஆள் உயரத்துக்கு. தினமும் காலையில் முதலாளி “எவ்வளவு முடிந்தது?” என்று கேட்பார். “தொண்ணூறு சதவீதம்” என்பேன். செப்டம்பர் 5 வரை பதினைந்து நாளும் அதே தொண்ணூறு. ஏழாவது நாள் அவர் கேட்பதையே நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

ஜிப் வந்ததும் வெளியிலிருந்து பீஸ் ரேட்டுக்கு இருபது டெய்லர்களைக் கூட்டிவந்தோம். முதல் நாளே நானூறு சட்டைகளில் ஜிப் அலை அலையாக நெளிந்து நின்றது. பிரித்துத் திரும்பத் தைத்தோம். பிரிப்பதற்கு டெய்லர்களுக்கு உதவியாக நிற்கும் எங்கள் கைமடிப் பெண்களை உட்கார வைத்ததில் எங்கள் சொந்த லைனும் பாதி நின்றது.

ஜிப் கம்பெனி இழுத்தடித்தது, பையர் (ஆர்டர் கொடுத்தவர்) ஆகஸ்டில் விடுமுறைக்குப் போய்விட்டார் என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். இரவில் தூக்கம் கெடும்போது மட்டும் நான் எங்கோ எதையோ பார்க்கத் தவறிவிட்டேன் என்று படுகிறது. எது என்று தெரியவில்லை.

இரண்டு கேள்விகள். முறையாகப் படிக்காமல் இந்த வேலைக்கு வந்தவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு என்ன? தம்பி சொல்வது போல முப்பத்து நான்கு வயதில் நான் அந்தப் படிப்பைப் படிக்க வேண்டுமா?

---

நேர்பேச்சு:

முதல் தவறு உங்களுடையது இல்லை, உங்கள் முதலாளியுடையது. 90 நாளுக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் உங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். இந்த ஊரில் தேதி முதலில் பிறக்கும், திட்டம் பிறகு அந்தத் தேதிக்கு ஏற்றபடி உடம்பை வளைத்துக்கொள்ளும்.

நான் துணியில் படம் அச்சடிக்கும் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். என் அடியையும் சொல்லிவிடுகிறேன். இரவு பதினொரு மணிக்கு ஒரு மெர்ச்சண்டைசருக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினேன்: ஒன்றில் கரடி பொம்மைக்குக் கறுப்புக் கண், இன்னொன்றில் பழுப்புக் கண். பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தது. நான் கடைசியாக அனுப்பிய படத்துக்குத்தான் என்று நினைத்து மூவாயிரம் பேனல் அடித்தேன். அவர் முதல் படத்தைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை அழுத்திவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார். மூவாயிரம் பேனலும் வேஸ்ட் துணி வியாபாரியிடம் கிலோ கணக்கில் போயின. அன்றிலிருந்து “கறுப்புக் கண் சரி” என்று எழுத்தில் வந்தால்தான் ஸ்கிரீனில் மை ஊற்றுவேன்.

படிப்பெல்லாம் வேண்டாம். படித்தவர் வந்து உட்கார்ந்தால் மட்டும் பையர் ஆகஸ்டில் விடுமுறை எடுக்காமல் இருந்துவிடுவாரா?

---

விழாமலர் வாத்தியார்:

எங்கள் பள்ளி ஆண்டு விழா மலருக்கு ஒன்பது பேர் குழு. கூட்டக் குறிப்பேட்டில் “விளம்பரம் சேகரித்தல்: அனைவரும்” என்று நான்தான் அழகான கையெழுத்தில் எழுதினேன். விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒரு விளம்பரம்கூட வரவில்லை. ஒவ்வொருவரும் மற்ற எட்டுப் பேர் வாங்கிவிடுவார்கள் என்று நிம்மதியாக இருந்திருக்கிறோம். அம்மா, உங்கள் அட்டவணையில் ஜிப்புக்கு நேராக யார் பெயர் இருந்தது?

---

பாலத்தடி:

ரயில்வேயில் பாலப் பிரிவில் முப்பது வருடம் பார்த்து ஓய்வு பெற்றவன். துணியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தத் தொண்ணூறு சதவீதம் எனக்கு மிகவும் பழகிய ஆள். தளத்தில் வேலை நின்றுபோனால் மேலே அனுப்பும் அறிக்கையில் வந்து உட்காரும் எண் அதுதான். எழுபத்தைந்து என்றால் ஏன் என்று கேட்பார்கள், நூறு என்றால் பார்க்க வந்துவிடுவார்கள். தொண்ணூறு பத்திரமான எண்.

ஜிப் இல்லாத சட்டை எப்படித் தொண்ணூறு சதவீதம் ஆகும்? போட முடியாது, விற்க முடியாது, பெட்டியில் வைக்க முடியாது. நான் உங்கள் முதலாளியாக இருந்தால் “எத்தனை சட்டை பெட்டிக்குள் போயிற்று?” என்று மட்டும் கேட்டிருப்பேன். பூஜ்யம் என்று பதினைந்து நாள் வாயால் சொல்ல நேர்ந்திருந்தால், இரண்டாம் நாளே யாராவது ஜிப் கம்பெனி வாசலில் போய் நின்றிருப்பார்கள்.

ஓய்வுக்குப் பிறகு மகனுக்காகப் பரமக்குடியில் ஒரு வீடு கட்டுகிறேன். அதைக் கட்டும்போது ஒன்று தெரிந்தது. வேலை நடந்தால் கண்ணுக்குத் தெரிகிறது, காத்திருப்பு தெரிவதில்லை. தளம் போட்ட மறுநாள் கொத்தனார் வரவில்லை என்றால் மருமகள் பதறுகிறாள். கான்கிரீட் தண்ணீர் குடித்து இறுகிக்கொண்டிருக்கிறது, அதுதான் இப்போது வேலை என்று சொன்னால் நம்பிக்கை வரவில்லை. இந்தியத் தரக் கோட்பாடு 456-ல் எழுதி வைத்திருக்கிறார்கள்: சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டுக்கும் வறண்ட வெயில் காலத்துக்கும் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும். நாலரை மீட்டருக்கு மேல் அகலமான தளம் என்றால் முட்டுக்கொடுத்ததை 14 நாள் எடுக்கக் கூடாது. என் மேஸ்திரி தந்த அட்டவணையில் இந்த நாள்களில் ஒன்றுகூட இல்லை. தளம் திங்கள், செங்கல் வேலை செவ்வாய். கேட்டால் “அது சும்மா இருக்கும் நாள்தானே சார்” என்கிறார்.

இன்னொரு வகைக் காத்திருப்பு உண்டு. தளத்துக்குள் புதைக்க வேண்டிய வயரிங் குழாயை யார் போடுவது என்று கம்பி கட்டியவர் எலக்ட்ரீஷியனைப் பார்த்தார், எலக்ட்ரீஷியன் என் போனை எதிர்பார்த்தார், நான் மேஸ்திரி சொல்லியிருப்பார் என்று இருந்தேன். இது கான்கிரீட் இறுகும் காத்திருப்பு அல்ல. யாருக்கும் பயன்படாத, யாரும் கூலி கேட்காத காத்திருப்பு.

உங்களிடம் இரண்டு கேள்வி. ஜிப் கம்பெனி வேலையைத் தொடங்குவதற்கு உங்களிடமிருந்து என்ன கேட்டது? அது உங்கள் கைக்கு எந்தத் தேதியில் வந்தது?

---

பின்னலாடைக்காரி:

வாத்தியார் ஐயா, ஜிப்புக்கு நேராக யார் பெயரும் இல்லை. ஜிப் என்ற வரியே இல்லை. தையல் நூல், லேபிள், பாலிபேக், ஜிப் எல்லாம் எங்களுக்கு அக்சசரீஸ். அதை வாங்க ஓர் அண்ணன் தனியாக இருக்கிறார். அவருடைய வேலை என்று விட்டுவிட்டேன்.

பாலத்தடி ஐயா, மெயிலையும் டைரியையும் வைத்துக்கொண்டு தேதிகளை எடுத்தேன்.

ஜிப்பின் துணிப் பட்டை சட்டையின் நிறத்திலேயே இருக்க வேண்டும். ஆகவே ஜிப் கம்பெனி நிறத்துக்கு ஒரு மாதிரித் துண்டு கேட்டது. சாயம் போட்ட துணி பட்டறையிலிருந்து வந்து, ஜூலை 24 அன்று கட்டிங் தொடங்கியபோது மூன்று நிறத்திலும் வெட்டி அனுப்பினோம். ஜூலை 31 அன்று சாயம் ஏற்றிய ஜிப் மாதிரிகள் வந்தன, அன்று மாலையே பையருக்குக் கூரியர் செய்தேன். அங்கே அந்த நிறங்களைப் பார்க்கும் அம்மையார் ஆகஸ்ட் முதல் தேதி விடுமுறையில் போய்விட்டார். 18-ஆம் தேதி வந்து அன்றே சரி சொன்னார். அதன்பின் ஜிப் கம்பெனிக்கு 18 நாள். செப்டம்பர் 5.

சாயத்துக்கு முந்தைய லேப் டிப் கதையும் உண்டு. தெரியாதவர்களுக்காக: மொத்தத் துணியையும் சாயத் தொட்டியில் போடுவதற்கு முன், ஆய்வுக்கூடத்தில் கையகலத் துண்டுகளுக்குச் சாயம் ஏற்றி, “இதுதானே நீங்கள் கேட்ட நிறம்?” என்று பையரிடம் ஒப்புதல் வாங்குவது. முதல் தடவை அனுப்பியதில் நீலம் கொஞ்சம் சிவப்படிக்கிறது என்று திருப்பினார்கள். இரண்டாம் தடவை ஜூலை 11 அன்று மூன்று நிறத்துக்கும் ஒப்புதல் வந்தது.

நேர்பேச்சு அண்ணா, முதலாளி என்னைக் கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் கேட்டிருந்தால் நானும் 70 நாள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

---

கிண்டி பிளானர்:

கட்டுமானத் திட்டங்களில் அட்டவணை போடுவதே என் பிழைப்பு. அதனால் உங்கள் தேதிகளைப் பார்த்ததும் கை அரித்தது, ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன்.

உங்கள் ஒன்பது வரிகளும் உங்கள் கூரைக்குக் கீழேயோ, நீங்கள் பணம் கொடுக்கும் பட்டறையிலோ நடக்கும் வேலைகள். பிறர் பதிலுக்காகக் காத்திருக்கும் வரி ஒன்றுகூட இல்லை. லேப் டிப் ஒப்புதல் எங்கே? நூலுக்கும் நிட்டிங்குக்கும் 16 நாள் போட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சாயம் 17-ஆம் நாள் தொடங்க வேண்டும். ஜூலை 11 என்பது 30-ஆம் நாள், ஆக 31-இல்தான் தொடங்கியிருக்க முடியும். பெருமையாகச் சொன்ன இருபதில் பதினான்கு நாள் அங்கேயே கரைந்துவிட்டது. ஒரு மிஷின்கூட ஓடாமல், ஒருவர்கூடத் தவறு செய்யாமல்.

அப்படியும் நீங்கள் தப்பியிருப்பீர்கள் என்பதுதான் வேடிக்கை. ஆகஸ்ட் 22-இல் தையல் முடிந்தது. செக்கிங்கிலிருந்து பேக்கிங் வரை பன்னிரண்டு நாள். ஜிப் மட்டும் கையில் இருந்திருந்தால் செப்டம்பர் 3 அன்று பெட்டி கட்டியிருக்கலாம்.

எங்கள் தொழிலில் இதற்கு கிரிட்டிக்கல் பாத் என்று பெயர். நான் புதிதாக வரும் பையன்களுக்கு ‘நீளமான சங்கிலி’ என்று சொல்லிக்கொடுப்பேன். ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும் என்று கோத்துக்கொண்டே போனால் பல சங்கிலிகள் கிடைக்கும். அவற்றில் எது நீளமோ அதுதான் உங்கள் கடைசித் தேதியைத் தீர்மானிக்கும். 1957-இல் அமெரிக்காவில் டுபான்ட் இரசாயனக் கம்பெனியும் ரெமிங்டன் ராண்ட் கணினிக் கம்பெனியும் சேர்ந்து ஆலை வேலைகளுக்காக இந்தக் கணக்கை உருவாக்கின. அடுத்த வருடமே அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக இதே போன்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கும் எது எதற்காகக் காத்திருக்கிறது என்று கணினி வைத்துத் தேட வேண்டியிருந்தது என்றால், உங்கள் கண்ணுக்குத் தப்பியதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

முறையாகப் படிக்காதவர்கள் அட்டவணையை வேலைகளின் பட்டியலாகப் போடுவார்கள். பெரியது மேலே, சின்னது கீழே, அல்லது பட்டியலிலேயே இருக்காது. துணி ஐந்து டன், லாரியில் வருகிறது. அதற்கு மூன்று வரி. ஜிப் அட்டைப்பெட்டியில் வருகிறது. அதற்கு வரி கிடையாது. சங்கிலிக்கு எடை தெரியாது.

வெளியிலிருந்து டெய்லர்களைக் கூட்டிவந்ததைப் பற்றி: பிரெடரிக் புரூக்ஸ் என்பவர் 1960-களில் ஐபிஎம்மின் பெரிய மென்பொருள் வேலை ஒன்றை நடத்தியவர். பின்தங்கிவிட்ட மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் பின்தங்கும் என்று 1975-இல் எழுதினார். வந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது ஏற்கெனவே வேலை தெரிந்தவர்தான். அவருடைய நேரமும் போய்விடும். உங்கள் கைமடிப் பெண்கள் ஜிப் பிரித்தபோது அதுதான் நடந்தது. குழி வெட்டும் வேலை என்றால் இருபது பேர் வந்ததும் வேகம் கூடும். ஜிப் வைப்பது குழி வெட்டுவது அல்ல என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

படிப்பைப் பற்றி: உங்கள் தம்பி சொல்வது பிஎம்பி என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழ்த் தேர்வாக இருக்கும். அனுபவம் காட்ட வேண்டும், 35 மணி நேர வகுப்பு முடித்திருக்க வேண்டும், கட்டணமும் லேசானது இல்லை. வேலை மாறப்போகிறீர்கள் என்றால் எழுதுங்கள், கதவு திறக்கும். இந்த ஆர்டருக்கு மருந்தாக வேண்டும் என்றால் அந்த 35 மணி நேரத்தில் இரண்டு மணி நேரப் பாடம்தான் உங்களுக்கு வேண்டியது; அதை இந்த இழையிலேயே பாதி முடித்துவிட்டோம்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. நிறத்துக்கு ஒப்புதல் ஜூலை 11 அன்றே வந்துவிட்டது. ஜிப் கம்பெனி கேட்டது ஒரு துண்டுத் துணி. ஜூலை 24 வரை எதற்காகக் காத்திருந்தீர்கள்?

---

பின்னலாடைக்காரி:

இந்தக் கேள்வியை மதியம் படித்தேன். உடனே எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்த ஆர்டரின் ஃபைலை எடுத்தேன்.

லேப் டிப் அட்டை முதல் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளை அட்டையில் ஒவ்வொரு நிறத்துக்கும் கையகலத் துண்டுகள் மூன்று, ஏ, பி, சி என்று எழுதி ஸ்டேப்ளர் அடித்தது. நீலத்தில் ‘பி’-க்குப் பக்கத்தில் பையரின் கையெழுத்து, தேதி முத்திரை. கசங்கிவிடக் கூடாது, வெயில் பட்டு வெளுத்துவிடக் கூடாது என்று நான்தான் அவ்வளவு பத்திரமாக வைத்தேன். கூரியர் வந்த அன்று சாயப்பட்டறைக்கு ஒரு துண்டு கொடுத்தனுப்பினேன். மீதியை உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஜிப் வாங்கும் அண்ணனின் மேசை என் மேசையிலிருந்து பதினைந்தடி தூரம். நடுவில் ஒரு தண்ணீர் கேன். அவரிடம் இன்று கேட்டேன்: “ஜூலை 11 அன்றே இதைக் கொடுத்திருந்தால் ஜிப் கம்பெனிக்கு அனுப்பியிருப்பீர்களா?” அவர் யோசிக்காமல் சொன்னார்: “தாராளமாக அனுப்பியிருக்கலாமே. நீங்கள்தான் துணி வந்ததும் தருவதாகச் சொன்னீர்கள்.” நான் சொன்னது எனக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன். ஏனென்றால் எப்போதும் அப்படித்தான் செய்கிறோம்.

அதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஏறிய நிறம் பெரிய தொட்டியில் அப்படியே ஏறாது. ஒரு சாயல் கூடும், குறையும். ஜிப் மட்டும் தனியாகத் தெரிந்துவிட்டால் பையர் திருப்பிவிடுவார். அதற்காகத்தான் மொத்தத் துணி வரும்வரை பொறுப்பது. நான் சேர்ந்த காலத்து மெர்ச்சண்டைசர் ஒருவர் சொல்லிக்கொடுத்த பழக்கம். அவருக்கு அப்போது 150 நாள் கொடுத்தார்கள். அவருடைய பழக்கத்தை என்னுடைய 90 நாளுக்குள் வைத்தேன். அந்த பயத்துக்கு 13 நாள் விலை என்று யாரும் சொல்லவில்லை, நானும் போட்டுப் பார்க்கவில்லை. அப்படியே பயம் இருந்தாலும், ஒப்புதலான துண்டை வைத்து மாதிரி ஜிப்பைச் சாயமேற்றி வாங்கி, துணி வந்ததும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம்.

ஜூலை 11 அன்று கொடுத்திருந்தால் 18-ஆம் தேதி மாதிரி வந்திருக்கும். அந்த அம்மையார் அலுவலகத்தில்தான் இருந்திருக்கிறார். இழுத்தடித்து ஒன்பது நாள் எடுத்தாலும் ஜூலை 27. பதினெட்டு நாளில் ஜிப், ஆகஸ்ட் 14. அப்போது தையல் பாதியைச் சற்றுத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஃபைலை மூடி வைத்துவிட்டு வெகு நேரம் அந்தத் தண்ணீர் கேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜிப் கம்பெனி சொன்ன பதினெட்டு நாளில் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. அவர்களைப் பற்றி முதலாளியிடம் நான் சொன்னதை நினைத்தால் கூசுகிறது.

---

பாலத்தடி:

கூசட்டும், ஆனால் அதோடு நிற்க வேண்டாம். இதுவரை உங்களை ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டதும் அரை நாளில் ஃபைலைப் பிரித்து உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். என் சர்வீசில் இதற்கு விசாரணைக் குழு போட்டு ஆறு மாதம் ஆகும்.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போயிற்று, பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்கள் (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்கள்) பலவும் கடலுக்குள் போயின. சரிசெய்ய ஆறு மாதம் என்று ரயில்வே கணக்குப் போட்டது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பில் இருந்த இளம் பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டியவர் அவர்தான். இந்த 46-ஐ வேகத்துக்கு உதாரணமாக எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது வேறு. புதுக் கர்டர்கள் எங்கிருந்தோ செய்து வர வேண்டும் என்று உட்கார்ந்திருந்தால் எத்தனை ஆள் போட்டாலும் அந்தக் காத்திருப்பு குறையாது. கடலுக்கு அடியில் கிடந்த பழைய கர்டர்களையே தூக்கி எடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள். சுத்தியலை வேகமாக அடித்தது பிறகுதான். முதலில் சங்கிலியில் ஒரு வளையத்தையே கழற்றிவிட்டார்கள்.

அந்தப் பாலத்தைப் பராமரிக்கும் குழுவில் நானும் சில வருடம் இருந்தேன் என்பதால் கொஞ்சம் பெருமையோடு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

---

பின்னலாடைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. அடுத்த ஆர்டர் வந்துவிட்டது. அதே பையர். விட்டுப் போய்விடுவார் என்று பயந்தேன், போகவில்லை. இம்முறை பெண் குழந்தைகளுக்கான டிரெஸ், 8,000 பீஸ், தோளில் இரண்டு பட்டன்.

அட்டவணையில் வேலைகளைக் கறுப்பிலும் காத்திருப்புகளைச் சிவப்பிலும் எழுதினேன். ஒவ்வொரு சிவப்பு வரிக்கும் நேராக இரண்டு பெயர்: பதில் சொல்ல வேண்டியவர், அவரைத் துரத்த வேண்டியவர். கறுப்பு ஒன்பது வரி, பழையபடி. சிவப்பு பதினான்கு வந்தது. பதினான்கு! இவ்வளவையும் பதினோரு வருடமாகத் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

முதலாளியிடம் காட்டினேன். சிவப்பைப் பார்த்துவிட்டு “இதெல்லாம் பையரிடம் கேட்டால் நம்மைச் சிறுபிள்ளை என்று நினைப்பான்” என்றார். பிறகு அவரே போனை எடுத்து, நிறம் பார்ப்பவர் இல்லாத நாள்கள் எவை என்று பையரிடம் கேட்டார். அவர்கள் ஒரு நிமிடத்தில் விடுமுறைப் பட்டியலை அனுப்பிவிட்டார்கள். அது எப்போதும் அவர்களிடம் இருந்திருக்கிறது.

நேற்று லேப் டிப் ஒப்புதல் வந்தது. கத்தரிக்கோலை எடுத்துத் துண்டை மூன்றாக வெட்டினேன்: சாயப்பட்டறைக்கு ஒன்று, பட்டன் வாங்கும் அண்ணனுக்கு ஒன்று, ஃபைலுக்கு ஒன்று. அண்ணன் தண்ணீர் கேனுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். சிரித்தார்.

---

நேர்பேச்சு:

படிப்பு வேண்டாம் என்று சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் பதினான்கு சிவப்பு வரியும் எழுதிவிட்டீர்களே, ஒன்று கேட்கிறேன். துணி எத்தனை சதவீதம் பருத்தி, எந்தச் சூட்டில் துவைக்க வேண்டும் என்று உள்ளே தைக்கிற வாஷ்கேர் லேபிள். அதில் அச்சடிக்க வேண்டிய வாசகத்தைப் பையர்தானே தர வேண்டும்? எத்தனையாவது வரி?

---

பின்னலாடைக்காரி:

பார்த்துவிட்டேன் அண்ணா. இல்லை.

பதினைந்து. இப்போதே மெயில் போடுகிறேன்.